சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறது

பால்காரப்பையன் | திங்கள், இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமப் பால் சங்கத்தில் கணினி வேலை பார்க்கிறேன். இரண்டு பட்டுவாடாவாக ஒரே தலைவலி. யாராவது வழி சொல்லுங்கள்.

எங்களிடம் பால் ஊற்றுகிறவர்கள் 143 பேர். பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. முன்பு கையில் பணம் கொடுத்தோம், இப்போதுதான் நேராகக் கணக்குக்கு அனுப்ப ஆரம்பித்திருக்கிறோம். பால் பரிசோதனைக் கருவியோடு வந்த மென்பொருள் ஒரு சிஎஸ்வி கோப்பைத் தரும் (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு). அதை எக்செலில் (2010, சங்கத்துக் கணினி அவ்வளவுதான்) திறந்து, தீவனக் கடனைக் கழித்து, திரும்ப சிஎஸ்வியாகவே சேமித்து வங்கித் தளத்தில் ஏற்றுவேன்.

நோட்பேடில் பார்த்தால் ஒரு வரி இப்படி இருக்கும். பெயரையும் எண்களையும் மாற்றிப் போட்டிருக்கிறேன்:

0047,ராசாத்தி,3/12,"மேலத் தெரு, கோயில் எதிரில்",4102000100234567,61.5,4.2,8.5,2214.00

உறுப்பினர் எண், பெயர், கதவு எண், தெரு, வங்கிக் கணக்கு, லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), தொகை. இதையே இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறந்தால் 0047 வெறும் 47. கதவு எண் டிசம்பர் 3ஆம் தேதி. கணக்கு எண் 4.102இ+15 என்று ஏதோ சூத்திரம் மாதிரி (அந்த இ ஆங்கில எழுத்து). நான் எதையும் தொடவில்லை, திறந்ததோடு சரி.

எளியவழி | திங்கள், இரவு 10:05

இதற்கா இவ்வளவு கவலை? கணக்கு எண் இருக்கும் பத்தியைத் தேர்ந்தெடுங்கள், வலது கிளிக், ஃபார்மட் செல்ஸ், நம்பர், தசமம் 0. முழு எண் வந்துவிடும். 0047 வேண்டுமென்றால் கஸ்டம் போய் 0000 என்று கொடுங்கள். முடிந்தது.

பால்காரப்பையன் | திங்கள், இரவு 10:31

அண்ணா, அதைத்தான் செய்தேன். எண் முழுசாக வந்தது, சேமித்து ஏற்றினேன். பிரச்சினையே அதற்குப் பிறகுதான்.

16 இலக்கக் கணக்கு உள்ளவர்கள் 38 பேர். அதில் 34 பேருக்குப் பணம் போகவில்லை, அப்படி ஒரு கணக்கே இல்லை என்று திரும்பிவிட்டது. 4 பேருக்கு மட்டும் ஒழுங்காகப் போயிருக்கிறது. 11 இலக்கக் கணக்குக்காரர்கள் யாருக்கும் பிரச்சினை இல்லை. இதில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே நாளில் போய்க் கணக்குத் தொடங்கியவர்கள். அவர்கள் இருவருக்கும் ஒரே கணக்கு எண் கொடுத்திருக்கிறாய் என்று வங்கித் தளமே திட்டுகிறது. பாஸ்புக்கைப் பார்த்தால் வேறு வேறு எண்.

காலையில் பால் கேனோடு வந்து நின்று "என்ன கண்ணு, எங்க பணத்த எங்க அனுப்பிச்சே?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கருப்பட்டி | திங்கள், இரவு 10:38

பணம் ஒழுங்காகப் போன அந்த 4 பேரின் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். கணக்கு எண் 0ல் முடிகிறதா?

பால்காரப்பையன் | திங்கள், இரவு 10:52

அக்கா! நாலும் 0ல்தான் முடிகிறது. எப்படிச் சொன்னீர்கள்?

கருப்பட்டி | திங்கள், இரவு 11:20

அனுபவம்தான் தம்பி. சம்பளப் பட்டியல் வேலையில் பத்து வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் அதை 0 ஆக்கிவிடும். 4102000100234567 உள்ளே போகிறது, 4102000100234560 ஆக உட்கார்கிறது. அண்ணன் கணக்கு 4102000100187312, தம்பி கணக்கு 4102000100187313 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 4102000100187310. வங்கித் தளம் திட்டியது அதனால்தான். இயல்பாகவே 0ல் முடியும் 4 பேர் மட்டும் தப்பித்தார்கள்.

எளியவழி சொன்ன நம்பர், தசமம் 0 என்பது வெறும் அலங்காரம். தொலைந்த இலக்கம் கோப்பைத் திறந்த நொடியிலேயே தொலைந்துவிட்டது. பிறகு எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் திரும்பி வராது. திறந்த பிறகு பத்தியை டெக்ஸ்ட் ஆக்குகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் பால் திரிந்த பிறகு அடுப்பை அணைப்பது மாதிரி.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. எக்செல் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதைத்தான் எழுதும். சாதாரண வடிவத்தில் 11 இலக்கம் வரை முழுசாகக் காட்டும், 12 இலக்கத்திலிருந்து அந்த இ+ காட்சிக்குப் போய்விடும். உங்கள் 11 இலக்கக்காரர்கள் 15க்குள்ளும் அடங்குகிறார்கள், இதிலும் மாட்டவில்லை. ஆதார் 12 இலக்கம். எக்செலுக்குள் அது பத்திரமாகவே இருக்கும், 15க்குள் அடங்குகிறதே. ஆனால் இ+ காட்சியோடு சேமித்தீர்கள் என்றால் கோப்பில் 1.23457இ+11 என்று எழுதி மூடிவிடும். மீதி இலக்கங்கள் அத்தோடு போச்சு.

முதலில் ஒன்று சொல்லுங்கள், மென்பொருள் கொடுத்த மூலக் கோப்பு இருக்கிறதா, அதன் மேலேயே சேமித்துவிட்டீர்களா?

பால்காரப்பையன் | திங்கள், இரவு 11:26

இந்தத் தடவை அதன் மேலேயே சேமித்துவிட்டேன். ஆனால் மென்பொருளில் தேதி கொடுத்தால் மறுபடி எடுக்க முடியும்.

திண்ணைவாசி | செவ்வாய், காலை 6:15

தப்பித்தாய் தம்பி. மறுபடி எடுக்கும் கோப்பை வேறொரு உறையில் போட்டு, படிக்க மட்டும் என்று குறித்து வை. வேலை செய்வதெல்லாம் நகலில்.

நான் பேரேட்டுக் காலத்து ஆள். அப்போது 0047 என்று கையால் எழுதினால் அது 0047ஆகவே இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து யாரும் திருத்தவில்லை. குற்றம் எக்செல் மேல் பாதி, 'கணக்கு எண்' என்று பெயர் வைத்தவர் மேல் பாதி. இரண்டு கணக்கு எண்ணைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. கூட்ட முடியாததை எண் என்று எப்படிச் சொல்வது? அது ஒரு பெயர், எழுத்துக்குப் பதிலாக இலக்கத்தால் எழுதிய பெயர். பின்கோடு, அலைபேசி, ஆதார், கதவு எண், உறுப்பினர் எண் எல்லாமே அந்த ஜாதிதான். உன் வரியில் உண்மையான எண் நான்கே நான்கு: லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப், தொகை.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் பார், அதற்கு எதுவும் ஆகாது. முதல் நான்கு இடமும் எழுத்து என்பதால் எக்செல் அதைத் தொடுவதில்லை.

ஆய்வகஎலி | செவ்வாய், காலை 9:48

பால் சங்கம் மட்டும் இல்லை, உயிரியல் துறையே இதில் அடிவாங்கியிருக்கிறது. மார்ச்1 என்று ஒரு மரபணு, செப்ட்2 என்று இன்னொன்று. எக்செலில் ஏற்றினால் ஒன்று மார்ச் 1, மற்றது செப்டம்பர் 2. 2004லேயே பிஎம்சி பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இதழில் எச்சரித்துக் கட்டுரை வந்துவிட்டது. யார் கேட்டார்கள்? 2016ல் ஜீனோம் பயாலஜி இதழில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020ல் மனித மரபணுப் பெயரிடும் குழு பெயர்களையே மாற்றியது: மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1, செப்ட்2 இப்போது செப்டின்2. எக்செல் இறங்கி வரவில்லை, மரபணு இறங்கி வந்தது.

எங்களிடம் 2310009இ13 மாதிரி அடையாளக் குறிகளும் உண்டு. நடுவில் ஆங்கில இ இருப்பதால் அதை 10ன் அடுக்கு என்று நினைத்து 2.31இ+19 ஆக்கிவிடும். உங்கள் உறுப்பினர் குறியீட்டில் இலக்கம், இ, இலக்கம் என்ற வரிசை வந்தால் உஷார்.

பால்காரப்பையன் | செவ்வாய், மதியம் 1:10

மூலக் கோப்பை மறுபடி எடுத்துவிட்டேன். ஐயா சொன்னபடி தனி உறையில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம். தெருவுக்கு இரட்டை மேற்கோள் போட்டிருக்கிறதே, கணக்கு எண்ணுக்கும் அப்படிப் போடச் சொல்லி மென்பொருள்காரர்களிடம் கேட்டால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும்தானே?

கருப்பட்டி | செவ்வாய், மதியம் 1:45

எடுத்துக்கொள்ளாது. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது.

சிஎஸ்வியில் மேற்கோள் குறி ஒரு வேலி, அவ்வளவுதான். "மேலத் தெரு, கோயில் எதிரில்" என்பதில் உள்ளே இருக்கும் காற்புள்ளி அடுத்த பத்திக்கு ஓடிவிடாமல் பிடித்து வைக்கும். உள்ளே இருப்பது எழுத்தா, எண்ணா, தேதியா என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்ல சிஎஸ்வியில் இடமே கிடையாது. எக்செல் வேலியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் தன் இஷ்டத்துக்கு ஊகிக்கும். "0047" என்று மேற்கோளோடு கொடுத்தாலும் 47தான்.

இன்னொரு குறுக்கு வழி சொல்வார்கள், கோப்பிலேயே ="0047" என்று எழுதிவிடச் சொல்லி. எக்செல் அதைச் சூத்திரமாக எடுத்துக்கொண்டு 0047 என்று காட்டும், உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பை எக்செல் தவிர வேறு எங்கே கொடுத்தாலும் சமக்குறியும் மேற்கோளும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். வங்கித் தளம் தூக்கி எறிந்துவிடும். முன்னால் ஒற்றை மேற்கோள் போடுவது கையால் தட்டச்சு செய்யும்போது வேலை செய்யும், சிஎஸ்வியில் போட்டால் அந்த ஒற்றை மேற்கோளும் சேர்ந்து தெரியும்.

ஆக, கோப்பைத் தொட வேண்டாம். திறக்கும் வழியை மாற்றுங்கள். உங்கள் 2010க்கு:

எக்செலை முதலில் காலியாகத் திறங்கள். கோப்பை இரட்டைக் கிளிக் செய்யவே கூடாது. டேட்டா தாவலில் ஃப்ரம் டெக்ஸ்ட். கோப்பைக் காட்டினால் மூன்று படியாக ஒரு ஜன்னல் வரும். முதல் படியில் டிலிமிடெட். அதே படியில் ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001, யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள், தமிழ்ப் பெயர்கள் சிதையாது. இரண்டாவது படியில் டேப்பை எடுத்துவிட்டு காமா. மூன்றாவது படியில்தான் உயிர் இருக்கிறது. கீழே உங்கள் பத்திகள் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றின் தலையிலும் ஜெனரல் என்று எழுதியிருக்கும். ஒரு பத்தியைச் சொடுக்கி மேலே டெக்ஸ்ட் என்று மாற்றினால் அதன் தலையும் டெக்ஸ்ட் ஆகும். ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு பல பத்திகளை ஒரே வீச்சில் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலானவர்கள் இந்தப் படிக்கு வராமல் இரண்டாவதிலேயே ஃபினிஷ் அழுத்திவிட்டு, இறக்குமதி செய்தும் அதே கதைதான் என்று புலம்புவார்கள்.

கோப்பின் பின்னொட்டை சிஎஸ்வியிலிருந்து டிஎக்ஸ்டி என்று மாற்றிவிட்டு எக்செலின் ஓப்பன் வழியாகத் திறந்தாலும் இதே ஜன்னல் வரும். சிஎஸ்வி என்று பெயர் இருந்தால் மட்டும் எக்செல் நம்மை ஒன்றும் கேட்காமல் தானே எல்லாம் தெரிந்த மாதிரி திறந்துவிடும்.

பால்காரப்பையன் | செவ்வாய், மாலை 4:20

வந்துவிட்டது! 0047 அப்படியே இருக்கிறது. 3/12 அப்படியே. கணக்கு எண் 16 இலக்கமும் 7ல் முடிகிறது. ரொம்ப நன்றி அக்கா.

ஆனால் மொத்தத் தொகை 0 என்று வருகிறது. 143 பேருக்கும் சேர்த்து 0 ரூபாய்.

கருப்பட்டி | செவ்வாய், மாலை 4:24

எல்லாப் பத்தியையும் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டீர்கள் அல்லவா?

பால்காரப்பையன் | செவ்வாய், மாலை 4:26

ஆமாம். பயத்தில்.

திண்ணைவாசி | செவ்வாய், மாலை 5:02

நான்கே நான்கு உண்மையான எண் என்று காலையிலேயே சொன்னேனே! அந்த நான்கையும் ஜெனரலில் விட்டுவிடு, மற்றவை டெக்ஸ்ட். எழுத்தாக இருக்கும் 2214.00ஐ எக்செல் கூட்டாது. செல்லுக்குள் இடது பக்கம் ஒட்டி நிற்கிறதா, வலது பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இடது என்றால் எழுத்து, வலது என்றால் எண் அல்லது தேதி.

ரைன்நதி | செவ்வாய், இரவு 8:37

ஜேர்மனியில் இருந்து எழுதுகிறேன். தம்பி, உங்கட ஃபேட் 4.2ஐ ஜெனரலில் விட்டால் உங்கட ஊரில் பிழை வராது. இதே கோப்பை என்னுடைய கணினியில் திறந்தால் 4.2 என்பது பெப்ரவரி 4ஆம் திகதி. எஸ்என்எஃப் 8.5 மே 8ஆம் திகதி. இங்கே திகதிக்குத்தான் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. அதனால் சிஎஸ்வி என்று சொல்லிக்கொண்டே பத்திகளை அரைப்புள்ளியால் பிரிப்பார்கள். ஊரில் இருந்து வரும் காற்புள்ளிக் கோப்பைத் திறந்தால் முழு வரியும் முதல் பத்திக்குள்ளேயே குந்திக்கொண்டு இருக்கும்.

எக்செல் ஊகிப்பது கோப்பைப் பார்த்து மட்டும் அல்ல, விண்டோஸின் பிராந்திய அமைப்பையும் பார்த்துத்தான். அமெரிக்க அமைப்புள்ள கணினியில் 05/03/2024 என்பது மே 3. நீங்கள் மார்ச் 5 என்று நினைத்து அனுப்பியிருப்பீர்கள். அதே பத்தியில் 13/05/2024 வந்தால் 13ஆம் மாதம் இல்லாதபடியால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே திகதிப் பத்தியில் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஒட்டி நின்றால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். இடப்பக்கம் நிற்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது தப்பியது. வலப்பக்கம் அமைதியாக நிற்பதுதான் பிழை.

அந்த மூன்றாவது படியில் திகதிப் பத்திக்கு டேட் என்று தெரிவுசெய்து, பக்கத்தில் நாள், மாதம், வருடம் எந்த ஒழுங்கில் கோப்பில் இருக்கிறது என்று சொல்லலாம். கணினி எந்த நாட்டு அமைப்பில் இருந்தாலும் பிறகு பிழைக்காது.

எளியவழி | செவ்வாய், இரவு 9:15

பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? மைக்ரோசாஃப்ட் 365ல் 2023 அக்டோபரிலேயே இதற்கு விடிவு வந்துவிட்டது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன் என்று ஒரு பகுதி. முன் பூஜ்யத்தை நீக்காதே, நீண்ட எண்ணை 15 இலக்கத்தில் வெட்டாதே, இ எழுத்தை அடுக்காக எடுக்காதே, எழுத்தும் இலக்கமும் சேர்ந்ததைத் தேதி ஆக்காதே என்று நான்கையும் அணைத்துவிடலாம். நான் அணைத்துவிட்டேன், இரட்டைக் கிளிக்கிலேயே எல்லாம் சரியாக வருகிறது.

கருப்பட்டி | செவ்வாய், இரவு 9:50

நல்ல வசதிதான், நானும் அணைத்து வைத்திருக்கிறேன். ஆனால் 'எல்லாம்' இல்லை. நான்காவது அமைப்பு எழுத்தும் இலக்கமும் இடைவெளியில்லாமல் ஒட்டி வந்தால் மட்டும்தான். ஆய்வகஎலியின் செப்ட்2 பிழைத்துக்கொள்ளும். நடுவில் கோடோ இடைவெளியோ வந்தால் தேதியாகத்தான் போகும். ராசாத்தி அக்காவின் 3/12 உங்கள் கணினியில் இன்னும் டிசம்பர் 3தான், திறந்து பாருங்கள்.

அப்புறம், அந்த அமைப்பு உங்கள் கணினியில் இருக்கிறது, கோப்பில் இல்லை. நீங்கள் சரியாகச் சேமித்த சிஎஸ்வியைச் செயலர் தன் கணினியில் இரட்டைக் கிளிக் செய்தால் பழைய கதைதான்.

எளியவழி | செவ்வாய், இரவு 10:02

பார்த்தேன். 03-டிச. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியென்றால் புதிய பதிப்பில் கெட் டேட்டா வழியாகப் போகலாமா? அந்த மூன்று படி ஜன்னல் என்னுடையதில் காணவில்லை.

கருப்பட்டி | செவ்வாய், இரவு 10:40

போகலாம். டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்று கொடுத்தால் பவர் குவெரியின் (எக்செலுக்குள் இருக்கும் இறக்குமதிக் கருவி) முன்னோட்டம் வரும். டேட்டா டைப் டிடெக்ஷன் என்ற இடத்தில் வழக்கமாக முதல் 200 வரியைப் பார்த்து ஊகிக்கும்படி இருக்கும். அதை 'ஊகிக்க வேண்டாம்' என்று மாற்றிவிடுங்கள். எல்லாம் எழுத்தாக வரும். தலைப்பு வரியும் சாதாரண வரியாக வந்துவிடும், பரவாயில்லை. ட்ரான்ஸ்ஃபார்ம் போய் முதல் வரியைத் தலைப்பாக்கச் சொல்லலாம்.

அங்கேதான் ஒரு குழி. தலைப்பாக்கும் பொத்தானை அழுத்தியதும் அது உங்களைக் கேட்காமல் பின்னாலேயே 'சேஞ்ட் டைப்' என்று இன்னொரு படியைச் சேர்த்துக்கொள்ளும். வலது பக்கப் பட்டியலில் தெரியும். அதன் பக்கத்துப் பெருக்கல் குறியை அழுத்தி நீக்குங்கள். இல்லாவிட்டால் வாசலில் தடுத்து நிறுத்தியவனைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்ட கதை. முன்னோட்டத்தில் 16 இலக்கமும் சரியாகத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். முழு எண் வகையாக இருந்தால் பவர் குவெரிக்குள் முழுசாக இருக்கும், தாளில் இறங்கும்போது கடைசி இலக்கம் 0.

பழைய ஜன்னலே வேண்டுமென்றால் அதுவும் ஒளிந்துதான் இருக்கிறது. ஆப்ஷன்ஸ், டேட்டா போய் லெகசி வகைகளில் ஃப்ரம் டெக்ஸ்ட்டை டிக் செய்யுங்கள். எனக்கு அதுதான் கைக்குப் பழக்கம்.

பால்காரப்பையன் | புதன், பகல் 11:30

அக்கா, மறுபடி மாட்டிக்கொண்டேன். நேற்று எல்லாம் சரியாக வந்ததே, பிடித்தம் கழித்து சிஎஸ்வியாகச் சேமித்தேன். ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று திறந்தால் 47, டிசம்பர் 3, 4.102இ+15 எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயர்கள் வேறு வெறும் கேள்விக்குறிகளாக இருக்கின்றன. நேற்று முழுக்கச் செய்த வேலை எங்கே போனது?

கருப்பட்டி | புதன், பகல் 11:34

எதையும் தொடாதீர்கள். கன்ட்ரோல் எஸ் அழுத்தினீர்களா?

பால்காரப்பையன் | புதன், பகல் 11:35

இன்னும் இல்லை.

கருப்பட்டி | புதன், மதியம் 12:05

நல்லது. சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி மூடுங்கள். இப்போது அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். 0047 இருக்கும், 3/12 இருக்கும், கணக்கு எண் முழுசாக இருக்கும். நீங்கள் செய்தது சரிதான். சரிபார்க்கிறேன் என்று இரட்டைக் கிளிக் செய்ததுதான் தப்பு. இது டெக்ஸ்ட் பத்தி என்று சிஎஸ்வி நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எக்செல் முதலிலிருந்து ஊகிக்கும். திறந்ததோடு விட்டால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. பழக்கதோஷத்தில் சேமித்தால்தான் ஆபத்து. எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதச் சம்பளப் பட்டியல் இப்படித்தான் கெட்டது. கெடுத்தது நான்தான், அதனால் சொல்கிறேன்.

கேள்விக்குறி விஷயம் வேறு. நீங்கள் சேமித்தது சாதாரண சிஎஸ்வி, அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடும், அது திரும்பாத வழி. 2016க்குப் பிந்தைய பதிப்புகளில் சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக ஒரு வகை வருகிறது. உங்கள் 2010ல் கிடையாது.

கேள்விக்குறிக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிக முத்திரையும் மாறி மாறி வரிசையாக வந்தால் அழ வேண்டாம். தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, திறந்தவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். 65001 கொடுத்துத் திறந்தால் சரியாகிவிடும்.

திண்ணைவாசி | புதன், மதியம் 2:20

இவ்வளவு பாடு எதற்கு? லிப்ரே ஆபீஸை இறக்கிக்கொள், காசு கிடையாது. அதன் கால்க்கில் சிஎஸ்வியைத் திறந்தால், இரட்டைக் கிளிக்கோ மும்முறைக் கிளிக்கோ, எப்போதும் முதலில் ஒரு ஜன்னலைக் காட்டிக் கேட்கும். எழுத்துக் குறியாக்கம் என்ன, பிரிப்பான் என்ன, எந்தப் பத்தி டெக்ஸ்ட் என்று. மேற்கோளில் உள்ளதை எழுத்தாகவே எடுத்துக்கொள் என்றும் ஒரு டிக் உண்டு. நீ மேற்கோளைப் பற்றிக் கேட்டாயே, அது இங்கேதான் பலிக்கும். கணக்கு எண்ணுக்கு மேற்கோள் போடச் சொல்லி மென்பொருள்காரர்களைக் கேட்டு வை.

சேமிக்கும்போது 'எடிட் ஃபில்டர் செட்டிங்ஸ்' என்பதை டிக் செய். யூடிஎஃப்-8 என்று கொடு. தமிழும் பிழைக்கும், உன் சங்கத்துப் பணமும் பிழைக்கும்.

கூகுள் ஷீட்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரி: ஃபைல், இம்போர்ட் ஜன்னலில் எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் சூத்திரமாகவும் மாற்று என்று ஒரு டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

ஆய்வகஎலி | புதன், மாலை 6:11

பைத்தான் தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் சிஎஸ்வி படிக்கப் பயன்படும் பாண்டாஸ் நூலகம் ஒன்றும் யோக்கியம் இல்லை, அதுவும் 0047ஐ 47 ஆக்கும். படிக்கும்போதே எல்லாம் எழுத்து வகை என்று சொல்லிவிட்டு, தேவையான நான்கு பத்தியைப் பிறகு எண்ணாக்குவதுதான் என் வழக்கம்.

பால்காரப்பையன் | வெள்ளி, இரவு 8:50

லிப்ரே ஆபீஸ் போட்டாயிற்று. நோட்பேடில் பார்த்தேன், எல்லாம் சரி. இன்று காலை 34 பேருக்கும் பணம் ஏறிவிட்டது. அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனியாக. ராசாத்தி அக்கா வந்து "இனி மெஷின்காரன நம்பாத, நோட்டுலயும் எழுதி வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து மாட்டுக் காதில் மாட்டும் தோட்டின் 12 இலக்க எண் பட்டியல் வரப்போகிறது. அதையும் டெக்ஸ்ட் என்று கொடுத்துத்தான் திறப்பேன்.

மின்மினி | ஞாயிறு, மாலை 3:33

மன்னிக்கவும், இந்த இழையில் புகுந்து கேட்கிறேன். பள்ளியில் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கிறேன். சிஎஸ்வியில் வகுப்பு '10 ஏ' என்று இருக்கிறது, 10க்குப் பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஆங்கில ஏ. எக்செலில் திறந்தால் வகுப்பு முழுக்கக் காலை 10:00 மணி என்று காட்டுகிறது. 10 பி மட்டும் ஒழுங்காக இருக்கிறது. ஏ பிரிவுக்கு மட்டும் ஏன் இப்படி?

பால்காரப்பையன் | ஞாயிறு, மாலை 3:50

டீச்சர், ஏ என்பதைக் காலை நேரத்து ஏஎம் என்று எடுத்துக்கொண்டது. பி, சி எல்லாம் நேரம் இல்லை என்பதால் தப்பித்தன.

அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்? 2010 என்றால் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட், மூன்றாவது படியில் வகுப்புப் பத்தியைச் சொடுக்கி டெக்ஸ்ட். மதிப்பெண் பத்திகளை அப்படியே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மொத்தம் 0 வரும்.